கேட்டில்தான் விலக வேண்டும்

என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்கள் கட்சி இன்னும் இருக்கிறது. நான்தான் தலைவர். இரங்கல் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னார்கள். அழுதுகொண்டிருந்த நான் தலையை ஆட்டிவிட்டேன்.

சனத்நகர் ஆலையின் தொழிற்சங்கம் தொடங்கிய கட்சி என்றால் கச்சிபௌலியில் என் ஐ.டி. அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரித்தால் பரவாயில்லை. ஊழியர் யாரும் கட்சிப் பொறுப்பில் இருக்கக் கூடாது என்று புது உத்தரவு வந்திருக்கிறது. மாத முடிவுக்குள் நான் விலகிய கடிதத்தைக் காட்ட வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. உங்கள் பேத்தி ஸ்வாதி இன்ஜினியரிங் இரண்டாம் வருடம். வேலையை எப்படி விடுவேன்?

எழுத உட்கார்ந்தபோதுதான் நீங்கள் போட்ட விதி நினைவுக்கு வந்தது. விலகல் கடிதம் செல்லாது. விலகுகிறவர் ஷிஃப்ட் மாறும் நேரத்தில், கேட் மீட்டிங்கில், எல்லோர் முன்னாலும் வாயால் சொல்ல வேண்டும். நிர்வாகம் ஆட்களைத் தனியறையில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கிய காலம் அது. ஏன் போட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா? இன்று அப்படிக் கையெழுத்து வாங்குகிற வேலையில்தான் இருக்கிறேன். மனிதவளத் துறை என்று பெயர்.

ஆலையை மூடிவிட்டார்கள் அப்பா. கேட் இருந்த இடத்தில் அடுக்குமாடி எழும்புகிறது. எங்கே நின்று சொல்வேன்?

போன ஞாயிறு முருகேசன் மாமா வீட்டில் கூட்டம். உங்களோடு லேத்தில் நின்ற அதே மாமா, இப்போது செயலாளர். என்னைத் தவிர ஒன்பது பேர். என் நிலைமையைச் சொன்னேன். மாமா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார்.

"நீ ஒருத்திதான் மாட்டிக்கிட்டேன்னு நெனச்சியாம்மா? எனக்கும் போதும்னு ஆயிடுச்சு. யாதகிரி மனசு கஷ்டப்படுமேன்னு வந்துட்டிருக்கேன்."

பெயின்ட் பிரிவில் இருந்த தெலுங்குக்காரர் யாதகிரி அங்கிள் நிமிர்ந்தார். உங்களிடம் கற்ற தமிழ் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.

"ஹவ், ஆமா, நீ வர்றியேன்னுதான் நானும் வர்றேன். எதுக்கு வர்றேன்னு ஒருநாளாவது கேட்டியா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்படியானால் விதியை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதற்கும் யாராவது முதலில் கை தூக்க வேண்டுமே. உங்கள் விதிக்கு எதிராக எழும் முதல் கை யாருடையது?

அது என்னுடையதாக இருக்கட்டும். வரும் ஞாயிறு விதியை நீக்கும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். ஆனால் ஒன்பது பேரும் ஒவ்வொருவராக வாயால் சொல்லி விலகிய பிறகே நான் விலகுவேன். ஒரே ஒருவர் "நான் இருக்கேன்" என்றாலும் நானும் இருப்பேன். வேலை போனால் போகட்டும். ஸ்வாதியிடமும் சொல்லிவிட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதா, இருக்கக் கூடாது என்றா? அதுதான் தெரியவில்லை அப்பா.

உங்கள் ஒரே மகள்,
வசந்தி