ஒன்றே முக்கால் கிலோ

மார்ச் 4
சந்தைக்காரர்களின் தராசு மூன்றைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நான்காவதைத் திறந்தேன். மச்சானிடமிருந்து போன். ஏப்ரல் கடைசியில் பிறக்க வேண்டிய குழந்தை இன்றே பிறந்துவிட்டது. பெண். ஒன்றே முக்கால் கிலோ. மனைவி நலம் என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடையைக்கூடச் சரியாகப் பூட்டினேனா தெரியாது.

மார்ச் 5
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாப்பா. பக்கத்துப் பெட்டியில் ஒரு பையன், அவனும் ஒன்றே முக்கால்தான். அவனை நாளைக்கே அம்மாவிடம் கொடுத்துவிடுவார்களாம். இவளை ஏன் கொடுக்கவில்லை என்று நர்ஸம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"அவன் மாசம் முழுசா இருந்துட்டு வந்தவன். உள்ள இருக்கும்போதே சரியா வளரல. அவன் கவலை வேற. உங்க பாப்பா வளந்துட்டுதான் இருந்தா, பாதியில வந்துட்டா. இழுத்துக் குடிக்கவும் உடம்புச் சூட்டைக் காப்பாத்தவும் இனிமேதான் கத்துக்கணும்."

இத்தனை வருடமாகத் தராசோடு கிடக்கிறேன். எடை ஒன்று என்றால் விஷயமும் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன். எந்த வாரத்தில் பிறந்தது என்பதைத் தராசு எப்படிச் சொல்லும்?

மார்ச் 8
எடை குறைந்திருக்கிறது. பிறந்த புதிதில் குறையுமாம். குறையட்டும் என்று எப்படிச் சும்மா இருப்பது?

மார்ச் 23
வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் இருபது, முப்பது கிராமாவது ஏற வேண்டும், வாரம் ஒரு தடவை வந்து எடை பாருங்கள் என்றார் டாக்டர். வாரம் ஒரு தடவையா? நான் எதற்கு இருக்கிறேன்? கடையிலிருந்து நல்ல தராசாக ஒன்றைக் கொண்டுவந்து, எடைக்கல் வைத்துச் சரிபார்த்து, மேலே மெத்தென்று துணி விரித்தேன்.

"தங்கமா நிறுக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

ஆமாம் என்றேன்.

மார்ச் 26
பால் குடிக்கும் முன் ஒரு தடவை, குடித்த பின் ஒரு தடவை. தொப்பி, துணி, காலுறை எல்லாம் கழற்றிவிட்டுத்தான் வைக்கிறேன். துணியோடு நிறுத்தால் அது என்ன எடை?
ஏறவில்லை.

மார்ச் 28
இன்றும் ஏறவில்லை. பாதிப் பாலிலேயே தூங்கிப்போகிறாள். மனைவி தனக்குப் பால் போதவில்லை என்று அழுதாள். தேற்ற வேண்டியவன் நான். "நேரத்துக்குச் சாப்பிடுன்னா கேக்குறியா?" என்று எரிந்து விழுந்தேன். எதற்கு வாயை விட்டேன்?

மார்ச் 30
ஆஸ்பத்திரி. நர்ஸம்மா பாப்பாவின் பாதத்தைத் தொட்டதும் முகம் மாறினார்.

"சில்லுன்னு இருக்கே. குளிப்பாட்டினீங்களா?"

இல்லை, எடை பார்த்துவிட்டுக் கிளம்பினோம் என்றேன். எப்படிப் பார்க்கிறேன் என்பதையும் பெருமையாகச் சொன்னேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

"ஒவ்வொரு வாட்டியும் துணியக் கழட்டினா குளிராதா? குடிக்கிற பால் சூட்டுக்கே செலவாயிடும். அப்புறம் எங்கேருந்து எடை ஏறும்?"

இவள் குடித்ததைப் பிடுங்கியது நான்தான். மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "அப்ப எனக்குப் பால் இருக்குல்ல, சிஸ்டர்?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டதும் அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

நர்ஸம்மா என் சட்டையைக் கழற்றச் சொல்லி, பாப்பாவை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அம்மா தூங்கும் நேரத்தில் இப்படியே வைத்துக்கொள்ள வேண்டுமாம். கொஞ்ச நேரத்தில் பாதம் சூடானது.

மார்ச் 31
தராசு கடைக்குப் போய்விட்டது. மனைவியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அந்த நம்பரை நானும்தானே எட்டி எட்டிப் பாத்தேன்" என்றாள். பிறகு, "ஆனா என்னைத் திட்டினது தப்பு" என்றாள். தப்புதான்.

ஏப்ரல் 6
ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் பார்த்தது. மனைவி நன்றாகத் தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 19
அதே மாதம் பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தை குப்புற விழுகிறது, பாப்பா இன்னும் விழவில்லை. பாப்பாவைப் பார்க்க வந்த அத்தைக்கு, மனைவியின் அம்மாவுக்கு, கவலை. பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயதைக் கணக்குப் பண்ணுங்கள் என்று நர்ஸம்மா சொன்னதை மனைவியே அத்தைக்கு விளக்கினாள்.

டிசம்பர் 2
ஆட்டோ கிடைக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீடுவரை பாப்பாவைத் தூக்கிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் கை மாற்ற வேண்டியிருந்தது.