குளியலறைத் தபால்

சில்வர் சாண்ட்ஸ் கடற்கரை வீடு
ஜனவரி 13, செவ்வாய் காலை

அன்பு அக்கா ரோவீனாவுக்கு,

கடிதம் எங்கே கிடைத்தது என்று யாரிடமும் சொல்லாதே. உன் நாப்கின் பெட்டிதான் இனி நம் தபால் நிலையம். நேற்று கடையில் உன் கணவன் வாரிக் அந்தப் பெட்டியை இரண்டு விரலால் பிடித்து வந்ததைப் பார்த்தேன். செத்த எலியைக்கூட இதைவிட மரியாதையாகப் பிடிப்பான். இந்த வீட்டில் அவன் கை நுழையாத இடம் அது ஒன்றுதான்.

நேரில் பேசலாமே என்பாய். எப்போது? நீ உப்பு கேட்டாய், நான் மிளகைக் கொடுத்தேன், அதற்குள் "என்ன ரகசியம் பேசுறீங்க ரெண்டு பேரும்?" என்று வந்துவிட்டான். நம் போன்கள் இரண்டும் அவன் டப்பாவில். "இயற்கையோட இருக்கணும்னா போன் ஆகாது" என்றானே! அவன் போன் மட்டும் இயற்கையின் ஒரு பகுதி போலிருக்கிறது, பாக்கெட்டிலேயே முளைத்துக் கிடக்கிறது.

உலகத்தில் எந்தத் தம்பியாவது அக்காவும் கணவனும் ஒயின் குடிக்கப் போகும் விடுமுறைக்குக் கூட வருவானா? வருவான், அவனுக்குப் பதினேழு வயதாகி, காரில் புது டிரைவருக்கான சிவப்பு 'பி' பலகை மாட்டியிருந்தால். ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் உரிமம் போய்விடும் என்பதால் என்னைவிட நிதானமான டிரைவர் மெக்லாரன் வேல் என்கிற இந்த ஒயின் வட்டாரத்தில் கிடையாது. அரசாங்கம் அந்த 'பி'க்கு என்ன அர்த்தம் வைத்திருந்தாலும் சரி, எனக்கு அது பிணைக்கைதி.

ஒயின் ருசி பார்க்கும் கூடத்தில் நான் கற்ற பாடம்: அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைத்தால் அது கெட்ட பழக்கம், ஒயின் குவளைக்குள் நுழைத்தால் ரசனை. எல்லாரும் வாயில் வைத்து வாளியில் துப்புகிறார்கள். வாரிக் ஒருவன்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறான். துப்பத் தெரியாதவனைத் துப்புக்கெட்டவன் என்று சொல்லலாமா, அக்கா?

ஊற்றிக் கொடுத்த அம்மா உன்னைப் பார்த்து, "உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டாள். "அவளுக்கு வெள்ளைதான் பிடிக்கும்" என்றான் வாரிக். நீயும் தலையை ஆட்டினாய். சிவப்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்று சித்தி கல்யாணத்தில் மேசை மேல் ஏறிச் சத்தியம் செய்தவள் நீ.

கடைசியாக ஒன்று. ஐஸ் பெட்டியை எடுக்க வாரிக்கின் பிக்கப் வண்டியின் பின்பக்கத் தார்ப்பாயைத் தூக்கினேன். உள்ளே உன் கம்பளிக் கோட்டு, தையல் மெஷின், படிப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் அந்த நீலப் பெட்டி. ஐந்து நாள் கடற்கரைக்கு, மண்டையைப் பிளக்கும் இந்த ஜனவரிக் கோடை வெயிலில், கம்பளிக் கோட்டு எதற்கு?

பதில் அதே பெட்டியில். தபால் தலை தேவையில்லை.

பிணைக்கைதி,
ஜெத்ரோ


செவ்வாய் மதியம்

அறிவுகெட்ட தபால்காரா,

குழாயைத் திறந்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன். எத்தனை நாளாயிற்று இப்படிச் சிரித்து!

வாரிக்கைப் பற்றி அப்படியெல்லாம் எழுதாதே. வேலை வேலை என்று களைத்துப் போயிருக்கிறான். நான் எதையும் தீர்மானிக்கத் தடுமாறுவேன், அதனால் அவன் முந்திக்கொண்டு சொல்கிறான். பழகிவிட்டது.

கோட்டை நான் கட்டி வைக்கவில்லை. தையல் மெஷினையும் இல்லை. அவனிடம் கேட்கிறேன். இன்று வேண்டாம், நல்ல மனநிலையில் இருக்கும்போது கேட்கிறேன்.

மதியம் எதையாவது சாப்பிடு. இதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் விடு.

ரோ


ஜனவரி 14, புதன் மாலை

அக்கா,

ஒரு பக்கத்துக்குப் பதில் நாலு வரியா? தந்திகூட இதைவிட நீளமாக இருக்கும். போகட்டும், இன்றைய வெற்றியைக் கொண்டாடத்தான் எழுதுகிறேன்.

"இருபது வருஷப் பழசு, வாசனையிலேயே தெரியணும்" என்று நேற்று வாரிக் ஒரு புட்டியை வாங்கினானே? அதிலிருந்ததை நான் காலையில் ஒரு ஜாடியில் பத்திரமாக ஊற்றி வைத்தேன். புட்டிக்குள் போனது, பக்கத்து வீட்டில் இருக்கும் டென்னிஸ் என்கிற தாத்தா கொடுத்த அட்டைப் பெட்டி ஒயின். குழாயைத் திருகினால் கொட்டுமே, அந்த ரகம்.

நம் ஆள் குவளையைச் சுழற்றினான், கண்ணை மூடினான், எல்லாரும் வாயைப் பிளந்து காத்திருந்தோம்.

"புகையிலை... கறுப்பு செர்ரி... பழைய தோல் வாசனை. கவனிச்சீங்களா?"

"தோல் வாசனை உங்க செருப்புலேர்ந்து வருது" என்றார் டென்னிஸ். நான் அட்டைப் பெட்டியைத் தூக்கிக் காட்டியதும் அவர் நாற்காலியோடு சாய்ந்தாரே, பார்த்தாயா? வாரிக்கும் சிரித்துவிட்டான். "நல்லா மாட்டிவிட்ட சாம்பியன்" என்று என் தோளைத் தட்டினான். கொஞ்சம் பலமாகத் தட்டினான், பரவாயில்லை. உள்ளுக்குள் நல்லவன்தானோ என்னவோ.

நீ மட்டும் ஏன் சிரிக்கவில்லை?

ஜெத்


ஜனவரி 15, வியாழன் காலை

அன்புள்ள ஜெத்,

அவன் சிரித்தது டென்னிஸுக்காக.

அறைக்கு வந்ததும் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். மறுபடி கேட்டான். குரலை உயர்த்தவே இல்லை. தெரியும் என்று நான் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருந்தான். சொன்ன பிறகு, "பாத்தியா, நீ பொய்தான் சொல்ற" என்றான்.

அவன் அடிப்பதில்லை, ஜெத். கதவைப் பூட்டுவதும் இல்லை. சாவி எப்போதும் அவன் பாக்கெட்டில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோட்டுக்கும் பதில் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை உன்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு நாங்கள் நேராக வடக்கே போகிறோம். தார்ச்சாலை முடிந்து மண் பாதையில் வெகு தூரத்தில் அவன் மாமாவின் ஆட்டுப் பண்ணை. இனி அங்கேதான். கால்நடை மருத்துவமனையில் என் வேலையை விட்டாயிற்றாம். என் போனிலிருந்து அவனே ராஜினாமா அனுப்பிவிட்டான். "உன்னைக் கெடுக்கறவங்க யாரும் அங்க இல்ல" என்றான்.

நீ விளையாடினால் விலை கொடுப்பது நான். தயவுசெய்து இனி எதுவும் செய்யாதேடா.

ரோ


வியாழன் மதியம்

அக்கா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் முதல் வரியில் ஒரு ஜோக் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.

மன்னித்துவிடு. இனி ஒன்றும் செய்யமாட்டேன், சத்தியம்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். நீ அங்கே போக விரும்புகிறாயா? அவன் என்ன சொல்கிறான், அப்பா என்ன நினைப்பார் என்பதெல்லாம் வேண்டாம். நீ. ஒரு வார்த்தை போதும்.

ஜெத்


வியாழன் மாலை

இல்லை.

எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

ஆனால் எப்படி? வண்டி ஓட்டுவது நீதான் என்றாலும் பக்கத்து இருக்கையில் அவன். அப்பாவிடம் போக முடியாது. அக்டோபரில் ஒரு முறை போனேன், உனக்குத் தெரியாது, நீ பள்ளி முகாமில் இருந்தாய். அப்பா எனக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு, அவனுக்குப் போன் செய்து வரவழைத்து, "பத்திரமாக் கூட்டிட்டுப் போப்பா" என்று அனுப்பிவைத்தார். நல்லது செய்ததாகத்தான் இன்னும் நினைக்கிறார்.

வேலையில் என்னோடு இருந்த மெரில், "எப்ப வேணும்னாலும் கூப்பிடு" என்று சொல்லியிருக்கிறாள். கூப்பிட போன் இல்லை. இருந்தாலும், உன்னை அவனோடு விட்டுவிட்டு நான் எப்படிப் போவேன்?

ரோ


வியாழன், இருட்டுவதற்குள்

அக்கா,

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. என்னை அவன் பண்ணைக்குக் கூட்டிப் போகமாட்டான். ஆடுகளைக் கெடுத்துவிடுவேன் என்று பயம்.

ஒரு வாசல் திறந்தால் என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விடு. சரியா?

ஜெத்


ஜனவரி 20

என் ஜெத்,

இதை மெரில் உன் கையில் மட்டும்தான் கொடுப்பாள். அப்பா கண்ணில் படக்கூடாது.

வெள்ளிக்கிழமையை மனதுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். கார்களை மணலுக்கே விடும் கடற்கரை அது, எல்லாக் கார்களும் இறங்கி வரிசையாக நின்றன. நீ சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தி, "மணல்ல ஓட்டணும்னா டயர்ல காத்தைக் குறைக்கணும் வாரிக். தண்ணி வேற ஏறுது. நாம இங்கயே நின்னுடலாம்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு நிஜத்தை நான் பார்த்ததே இல்லை. அவனும் பார்த்ததில்லை, அதனால்தான் நம்பவில்லை.

"அடுத்த வெளையாட்டா? நான் காத்தை எறக்குவேன், ஊரே சிரிக்கும், அதானே? எறங்குடா சாம்பியன்."

வரிசையைத் தாண்டி, தண்ணீர் ஓரம் வரை அவனே ஓட்டினான். நாலு சக்கரமும் அச்சு வரை புதைந்தன. மிதிக்க மிதிக்க வண்டி இன்னும் உள்ளே போயிற்று. சர்ஃப் பலகையும் மண்வெட்டியுமாக ஜனங்கள் ஓடி வந்தார்கள். அவன் போன் சட்டைப் பையிலிருந்து தண்ணீரில் விழுந்தது. டப்பாவைத் திறந்து என் போனை எடுத்துக் கொடுத்தான்.

"மேல போனாத்தான் சிக்னல் கிடைக்கும். டிராக்டரைக் கூப்பிட்டுட்டு உடனே வா."

வண்டியை விட்டு அவனால் நகர முடியவில்லை. ஏறிப் போகும்போதுதான் அது எனக்கு உறைத்தது.

முதலில் டிராக்டர்காரரைத்தான் கூப்பிட்டேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. பிறகு மெரிலை. அவள் வரும்வரை மேட்டின் மேல் கழிப்பறைக் கட்டடத்தின் ஓரமாக நின்றேன். அங்கிருந்து உன்னைப் பார்க்க முடிந்தது. நீ ஒரு முறை நிமிர்ந்து மேலே பார்த்தாய். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. மெரிலின் காரில் ஏறும்போதுகூட நீ முதுகைக் காட்டித் தோண்டிக்கொண்டிருந்தாய்.

என் மேல் கோபமா? என்னைப் பார்த்தாயா, இல்லையா? இதை மட்டும் சொல். நான் பத்திரமாக இருக்கிறேன். இருக்கும் இடத்தை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உன்னை விட்டுவிட்டு வந்த
ரோ


ஜனவரி 25

அன்புள்ள அக்கா,

பார்த்தேன். உன் மஞ்சள் தொப்பியை அந்தக் கடற்கரையில் குருடன்கூடப் பார்த்திருப்பான். நீ கீழே இறங்கி வரவில்லை என்பதையும் பார்த்தேன். நான் இன்னொரு தடவை நிமிர்ந்தால் அவனும் நிமிர்வான். அதனால் குனிந்தேன்.

குனிந்தது தலை மட்டும்தான், வாய் நிற்கவில்லை. என்னிடம் இருந்த மொத்தச் சரக்கையும் இறக்கிவிட்டேன். வண்டியைப் படகாகப் பதிவு செய்யலாமா, சுறாவுக்கு சீட் பெல்ட் உண்டா என்று உளறிக்கொண்டே இருந்தேன். அவன் என்னைத் திட்டினான். திட்டும்போதெல்லாம் என்னைத்தான் பார்த்தான். அதுதான் வேண்டும்.

"எங்கடா உங்கக்கா?"

"டாய்லெட் வரிசைல நிக்கறா. பெரிய வரிசை."

மண்வெட்டி கொடுத்த, பக்கத்து வில்லங்கா ஊரைச் சேர்ந்த அம்மா ஒருத்தி, "பொண்டாட்டி எங்கயும் ஓடிட மாட்டா, மொதல்ல கடலைப் பாருங்க" என்று அவனை அதட்டினாள். நான் மணலை முழுங்கிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன். தண்ணீர் கதவைத் தொட்ட நேரத்துக்கு டிராக்டர் வந்தது. வண்டி வெளியே வந்ததும் கடற்கரையே கை தட்டியது. அப்போதுதான் அவன் திரும்பி மேட்டைப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

ரயில் நிலையம்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. ரேடியோ இல்லை, ஜன்னல் திறக்கவில்லை. கொஞ்ச தூரம்தான். இறங்கும்போது எனக்குக் கால் மரத்துப் போயிருந்தது. கல்யாணமானதிலிருந்து நீ பத்து மாதம் அதற்குள் உட்கார்ந்திருந்தாய்.

இப்போது தினமும் சாயங்காலம் நம் வீட்டுக்கு வருகிறான். சமையலறையில் உட்கார்ந்து அழுகிறான். அப்பா அவனுக்கு டோஸ்ட் போட்டு வெண்ணெய் தடவிக் கொடுக்கிறார். உன் சான்றிதழ் இருக்கும் நீலப் பெட்டியை மேசை மேல் வைத்து, "இது இல்லாம அவளுக்கு வேலை கிடைக்காது, வந்துதான் ஆகணும்" என்கிறான். அப்பா தலையாட்டுகிறார். பிறகு இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். "உனக்குத் தெரியும் சாம்பியன்." "எனக்குத் தெரியாது." "தெரியும்." "தெரியாது." நீ எழுதினாயே, அதே மாதிரிதான், குரலை உயர்த்துவதே இல்லை. நேற்று ஒரு கட்டத்தில் எனக்கு ஏதோ தெரியும் போல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

சூப்பர் மார்க்கெட் வாசலில் மெரிலின் காரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "எந்தப் பக்கம் இருக்கானு மட்டும் சொல்லட்டுமா?" என்றாள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அவள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள்.

அடுத்த கடிதம் வேண்டாம், அக்கா. ஊர் பெயர் வேண்டாம், மழை பெய்கிறது என்றுகூட எழுதாதே. எங்கே மழை பெய்தது என்று அவன் தேடிப் பார்ப்பான். மெரிலும் இனி என்னைப் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வாழ்க்கை முழுக்கப் பொய்யாகப் பேசி எல்லாரையும் ஏமாற்றியவன் நான், ஆனால் இந்த ஒரு பொய்யை மட்டும் என்னால் தினமும் சொல்லித் தாங்க முடியாது. நாலாவது நாள் உளறிவிடுவேன். உண்மையாகவே தெரியாமல் இருந்தால்தான் என்னால் முடியும்.

எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லாதே.

மணி ஐந்தரை ஆகப்போகிறது. அவன் வந்திருப்பான். அப்பா டோஸ்ட் போட ஆரம்பித்திருப்பார். நான் போய் அவன் எதிரே உட்கார்ந்து, கண்ணைப் பார்த்து, தெரியாது என்று சொல்லவேண்டும்.

உன்
ஜெத்