விமானம் ஏறாதவர்

3-8-1986, ஞாயிறு.

போன வாரம் கோவையில், கிழிந்த விழித்திரையை ஒட்டவைக்க, என் வீட்டுக்காரரின் ஒரு கண்ணுக்குள்ளிருந்த கூழை எடுத்துவிட்டு வாயு அடைத்தார்கள். "வாயு கரையும் வரை குப்புறப் படுங்க, விமானத்தில் ஏறாதீங்க" என்றார் டாக்டர். லாரி டிரைவருக்கு ஏது விமானம் என்று சிரித்தோம்.

ஆடிப் பதினெட்டு வேண்டுதலுக்காக இன்று கொல்லிமலைக்கு பஸ் ஏறினோம். மலைப்பாதையில் பாதி வளைவுகள் ஏறும்போதே அவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "கண்ணு வெடிச்சுரும் போல இருக்குது புள்ள."

"மேல போய்க் கும்பிட்டாச் செரியாயிரும் சாமி" என்றார் மாமியார். போனோம். வலி கூடியதுதான் மிச்சம்.

விமானமும் மலையும் உயரம்தானே, உயரம் போனால் கண்ணுக்குள் அடைத்த வாயு உப்பும்தானே என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

கீழே வந்ததும் வலி நின்றுவிட்டது. மாமியார் நிம்மதியாகத் தூங்குகிறார். என் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து உட்கார்ந்து, நல்ல கண்ணைக் கையால் மூடிப் பார்க்கிறார்.

"லைட்ட ஏம்புள்ள நிறுத்துன?"

நான் நிறுத்தவில்லை. அந்த வெளிச்சத்தில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.