நீலக் கம்பளியும் ஏழாவது லெவலும்

என்னங்க,

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. உங்கள் கேம் இனி பாதியில் நிற்காது!

"நீ தூசி தட்டுறேன்னு கைய வச்சதுலேருந்துதான் இப்படி நின்னு போகுது"ன்னு நேற்று குதித்தீர்களே, இன்று கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஃபேன் முழுக்கப் பஞ்சு! சலவைக்கடையில் தினமும் துணி உலர்த்தும் மெஷினிலிருந்து பஞ்சு உருவுகிறவள் நான்; எனக்கா தெரியாது? காற்று போக வழியில்லாமல் சூடேறி, தானாக அணைந்திருக்கிறது. அத்தனையும் நீலப் பஞ்சு. பெட்டிமேல் நீலக் கம்பளியைப் போர்த்தியது யாராம்?

சுத்தம் செய்துவிட்டு, சரியாகிவிட்டதா என்று பார்க்க ஒரு மணி நேரம் ஆடினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. நீங்கள் மாதக்கணக்கில் முட்டி மோதும் ஏழாவது லெவலையும் தாண்டிவிட்டேன். மன்னிப்பு கேட்க அவசரமில்லை, இரவு வேலை முடிந்து காலை ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

வண்டிச் சாவி செருப்பு அலமாரியில்.

பி.கு.: வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவளுக்கு ஃபேன் சத்தம் கேட்கக் கூடாது என்றுதான் போர்த்தினீர்கள் என்பது இப்போதுதான் உறைக்கிறது. கம்பளியை மடித்து என் தலையணையருகே வைத்துக்கொண்டேன். ஃபேன் சத்தத்துக்கு நான் என்றைக்குமே எழுந்ததில்லை. ஏழாவது லெவலில் தோற்கும்போது நீங்கள் போடும் கூச்சல்தான் எழுப்பும். வந்து சொல்லித் தருகிறேன்.