முள் தொண்ணூறில்

ஜூன் 3, செவ்வாய்

கரமனை வெல்டிங் பட்டறையில் ஏழாவது மாதம். பழைய மெஷின், கைப்பிடியைச் சுற்றினால் அளவுகோலில் முள் நகரும். எண்பது ஆம்பியரில் ராடு தகட்டில் ஒட்டிக்கொள்கிறது. தொண்ணூறில் வைத்தால்தான் வெல்டு சீராக விழுகிறது. தத்துவத்தில் எம்.ஏ. படித்து நான் உறுதியாக அறிந்த ஒரே எண்.

ஜூன் 5, வியாழன்

விழிஞ்ஞத்தில் ஓர் ஒப்பந்தக்காரருக்கு வெல்டர் வேண்டும். ஒரே இடம். சோதனை பதினாறாம் தேதி. பட்டறையிலிருந்து இரண்டு பேர் போகிறோம்: பிரபின், நான்.

கிடைக்காவிட்டால் ஜூலை முதல் கிழக்கேகோட்டையில் மாமாவின் ஆடிட்டர் ஆபீஸ். அம்மா வாக்குக் கொடுத்தாயிற்று. "ஏ.சி. உண்டும்லா. பின்ன என்ன வேணும் உனக்கு?"

என்ன வேண்டும்? தெரியவில்லை. ஏ.சி. அல்ல.

ஜூன் 8, ஞாயிறு

முதலாளி ஷைலஜா சேச்சியிடம் பட்டறைச் சாவி வாங்கினேன். தெருவில் எல்லாம் அடைத்துக் கிடந்தது. கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரைக் கேபிளில் மாட்டிப் பற்றவைத்தேன்.

முள் தொண்ணூறு. மீட்டரில் நூற்றுப் பதினைந்து.

நான்கு முறை. அதே.

முள் பொய் சொல்கிறது. சோதனையில் புது மெஷின், உண்மையான எண் திரையில் வரும். அங்கே தொண்ணூறு வைப்பவனுக்கு ராடு ஒட்டும்.

பிரபின் தொண்ணூறுதான் வைப்பான்.

ஜூன் 9, திங்கள்

சொல்லவில்லை.

ஜூன் 12, வியாழன்

பிரபின் பழம்பொரியில் பாதியைப் பிய்த்து நீட்டினான். "என்னடீ ரெம்யா, மூஞ்சி கருவாடா காயுது?"

தலைவலி என்றேன். அங்கே எத்தனை வைப்பாய் என்று கேட்டேன் — ஏன் கேட்டேன்?

"தொண்ணூறு. கரண்டுக்கு ஊரு தெரியுமா?"

பொய்யைப் பற்றி முப்பது பக்கம் ஆய்வேடு எழுதியவள் நான். மௌனத்துக்கு ஓர் அடிக்குறிப்பு இருந்தது. அதில் என்ன எழுதினேன்?

ஜூன் 16, திங்கள்

விழிஞ்ஞம். மழை. பக்கத்துப் பக்கத்துத் தடுப்புகளில் நாங்கள்.

நூற்றுப் பதினைந்து வைத்தேன். ராடு சீறியது. ஓரம் அரித்தது, பிறகு தகட்டில் ஓட்டை விழுந்தது. கை மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் பிரபினின் ராடு அப்பளம் பொரிவது போல ஒரே சீராக. அந்தச் சத்தம் நின்றது.

"எடீ, குறை! கத்துதுடீ, குறை!"

இன்னொரு வார்த்தை பேசினால் வெளியே என்று சோதனை செய்தவர் அவனை அதட்டினார்.

குறைத்தேன். தொண்ணூற்று இரண்டில் அடங்கியது. ஓட்டை ஓட்டைதான்.

ஜூன் 19, வியாழன்

வேலை பிரபினுக்கு. டீ வாங்கித் தந்தான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் — மீட்டர், எண், ஒளித்தது. திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றும்.

"ஞாயித்துக்கிழமையா அளந்தே?"

"ஆமா."

டீ சிந்துமளவு சிரித்தான். "அன்னைக்கு எல்லாப் பட்டறையும் பூட்டுல்லா, கரண்டு முழுசா வரும். மத்த நாளு அஞ்சு பட்டறையும் சேர்ந்து இழுக்கும், கரண்டு குறையும். அப்போ நம்ம முள்ளு காட்டுறது நெசந்தாண்டீ. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா —"

நிறுத்திக்கொண்டான். சிரிப்பையும்.

ஜூலை 1, செவ்வாய்

மாமாவின் ஆபீஸ். ஏ.சி. பதினெட்டில். விரல்கள் விறைக்கின்றன. ரிமோட் என் மேசையில்தான் இருந்தது.

பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டேன்: "குளிரைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?"