செண்பகத்துக்கு ஓர் இடம்

புதுச்சேரி
18 ஜூலை

அன்புள்ள தேவிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், எனக்குக் கோபம் வரும். அதனால் கடிதம்.

நீ பிரான்ஸில் துலூஸிலிருந்து சொன்னபடி உன் மாமியார் சலீமா செண்பகக் கன்றைத் தொட்டியோடு கொண்டுவந்தார். அந்த ஆரிப்பை நீ கட்டிக்கொண்ட ஏழு வருடத்தில் அவர் இங்கே வந்தது இதுதான் முதல் தடவை. உள்ளே வாருங்கள் என்று நான் சொல்லவில்லை. கன்றும் கேட்டோடு நிற்கட்டும் என்று அங்கேயே குழி வெட்டி ஆறப்போடச் சொன்னேன்.

பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. இன்னும் தண்ணீர் ஊற்றினேன். சலீமா மறுபடி வந்தார். கேட்டுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: “இது கடல்காத்து அக்கா, உப்பு. தண்ணி மேல தண்ணி ஊத்துனா வேரும் அழுகிடும். ஒரு தடவ வச்சா வச்சதுதான், புடுங்கி மாத்துனா தாங்காது. நல்லா பாத்து வைங்க.”

கான்வென்ட்டில் தாவரவியலுக்குப் பரிசு வாங்கியவளிடம் சொல்கிறார். ஆனால் சொன்னது சரி.

கொல்லை முழுவதும் தெரிவது உன் அறையிலிருந்துதான். நீ போன அன்று பூட்டியதைத் திறந்தேன். ஜன்னல் கொண்டி துருவேறியிருந்தது, எண்ணெய் விட்டேன். காலை முதல் மாலைவரை நாற்காலி போட்டு உட்கார்ந்து வெயிலைப் பார்த்தேன். உன் ஜன்னலுக்கு நேரே பத்து மணிக்கு வெயில் இறங்குகிறது. மூன்று மணிக்கு மேல் பக்கத்து மாடி நிழல். கடல் காற்றை வீடே மறைத்துவிடுகிறது. நேற்றைய மழைத் தண்ணீர் அரை மணியில் வடிந்துவிட்டது. இதைவிட நல்ல இடம் இந்த வீட்டில் இல்லை. முதல் நாளே பார்த்திருக்க வேண்டும்.

கேட்டருகே வெட்டிய குழியை மூடியாயிற்று. சலீமாவை உள்ளே அழைத்து அந்த இடத்தைக் காட்டினேன். காபி குடித்தார். சர்க்கரை அதிகம் கேட்கிறார்.

சுவரிலிருந்து எத்தனை அடி தள்ளி வைப்பது என்பதில்தான் குழப்பம். தோட்டக்காரர் இராமதாஸ் ஆறு அடி என்கிறார், எனக்கு அது போதாது என்று படுகிறது. மாப்பிள்ளைக்கு அங்கே பூங்காவில்தானே வேலை? அவர் நேரில் பார்த்துச் சொல்லட்டும். ஐப்பசி மழைக்கு முன் நட்டாக வேண்டும். அதுவரை கன்று தொட்டியிலேயே இருக்கும்.

உன் பழைய கட்டில் இரண்டு பேருக்குக் காணாது. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் இருவரும் நீடூழி வாழ வேண்டும்.

அம்மா,
அமிர்தவல்லி