நீ கொண்டு வந்த சட்டி

கொல்லையில் பன்றிக்கறி கொதிக்கிறது. நார்த்தங்காய்ச் சாறும் சீரகமும் மிளகாய் வற்றலும் சேர்ந்த வாசனை எழுந்ததும், விறகைத் தள்ளிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. பெரியம்மா மகன் வந்திருக்கிறான். அவனுக்கு டாக்கோ வேண்டுமாம். போன வருஷம் இதே வாசனைக்கு நடுவில்தான் நீ எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டாய்.

போனில் பார்த்த மெக்சிகோச் சமையலை எங்கள் சிக்கல் ஊரில் செய்து காட்டுவேன் என்று வகுப்பு முழுக்க அளந்துவிட்டிருந்தேன். பன்றியைச் சிறுதீயில் மூன்று மணி நேரம் வேகவைத்து, நார் நாராகப் பிய்த்து, மக்காச்சோள ரொட்டியில் மடித்துத் தின்ன வேண்டும். நீ பன்றி தொடமாட்டாய். ஆனால் டாக்கோவை விடவும் உனக்கு மனசில்லை. ஏர்வாடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினாய், ஒரு கையில் உங்கள் தெருக் கடையில் அறுத்த கோழி, மறு கையில் உங்கள் வீட்டுச் சட்டியும் கரண்டியும்.

"கோவிச்சுக்காதீகம்மா."

"இதுல என்னய்யா கோவம்? பன்னிய நாங்களே வீட்டுக்குள்ள ஏத்துறதில்ல" என்றாள் அம்மா. பன்றிச் சட்டி எப்போதும்போலக் கொல்லை அடுப்பில். உன் சட்டி உள்ளே, வீட்டு அடுப்பில்.

"பேருதான் டாக்கோ, டக்குன்னு வேகமாட்டேங்குதேலே" என்று நீ சலித்தாய்.

"டாக்கு போதும் மாப்ள, பேசாம வெங்காயத்த அறி."

நீ இரண்டாவதைக் கடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தெருக் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். எனக்கு நாக்கு அரித்தது. முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு, "மாப்ள, சட்டி மாறிப்போச்சுலே" என்றேன்.

உன் வாய் அசைவது நின்றது. கிணற்றடிக்கு ஓடினாய். தொண்டைக்குள் விரலை விட்டு ஓங்கரித்தாய். நான் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தபடி சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான், "சும்மா சொன்னேன்லே, சத்தியமா" என்றேன்.

நீ வாயைக் கொப்பளித்துத் துப்பினாய். "பரீட்சை தள்ளிப்போச்சுன்னு போன மாசம் பண்ணுனதும் சத்தியந்தானலே?"

சட்டியைக் கழுவாமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அம்மாவை ஏர்வாடிக்கு அழைத்து வந்து, சட்டி மாறவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல வைத்திருக்கலாம். விளக்குமாற்று அடிக்குப் பயந்து அவளிடம் மூச்சே விடவில்லை. லீவு என்பதால் வகுப்பிலும் பார்க்க முடியவில்லை; வாட்ஸ்அப்பில் குரல் குரலாக அனுப்பினேன். கேட்டாய், பதில் இல்லை. மூன்றாவது வாரம் உனக்கு டெங்கு என்றார்கள். நான்கு நாளில் முடிந்துவிட்டது. தின்னக்கூடாததைத் தின்றுவிட்டோம் என்ற எண்ணத்தோடேயே நீ போய்விட்டாய் என்று நினைத்தபடி, உன்னை அடக்கம் செய்த மையவாடிச் சுவரோரம் கடைசி ஆளாக நின்றேன்.

இன்றைக்கு இந்த வாசனை தாங்காமல் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அடி விழும் என்று கன்னத்தைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அடப்பாவி! அந்தப் புள்ள மறுநாளே எனக்குப் போன் போட்டுச்சேடா. 'எங்கோழி எந்தச் சட்டியிலம்மா வெந்துச்சு'ன்னு. 'ஒஞ்சட்டியிலதான்யா, நாந்தான கிண்டுனேன்'னேன். 'சரிம்மா, நான் கேட்டத அவங்கிட்டச் சொல்லாதீக'ன்னு வச்சிருச்சு. எதுக்குக் கேக்குதுன்னு எனக்கு அப்ப வெளங்கல."

ஆக, மறுநாளே உனக்குத் தெரியும். தெரிந்தும் நீ வரவில்லை. இத்தனை நாளும் நீ என்னை நம்பாமல் போனாய் என்று நினைத்து அழுதது, எனக்கு வசதியான அழுகை. நீ ஓங்கரித்தபோது முதுகைத் தடவிவிடாமல் சிரித்தவனிடம் பேச உனக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

உன் உம்மா எங்கே பார்த்தாலும் என் கையைப் பிடித்துக்கொள்கிறார். "அவனுக்கு ஒன்னய மாதிரி ஒரு கூட்டாளி இல்லப்பா" என்கிறார். நான் தலையை ஆட்டுகிறேன். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன்டா. வாயைத் திறக்காமல் சொல்வது அது ஒன்றுதான்.